இருபத்தொன்றாம் நம்பர் பிழை

என்னிடம் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் இருந்தது என்று சொன்னால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் நம்பமாட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அதற்குத் திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது, சுவரில் செருக ஒரு வயர்கூடக் கிடையாது. சோப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, அதன் வாயில் ஒரு சாண் வயர், அவ்வளவுதான். ஆனால் யாருடைய கம்ப்யூட்டரில் அதைச் செருகினாலும் அந்தக் கம்ப்யூட்டர் என்னுடையதாக மாறிவிடும். என் எழுத்து, என் படம், என் பெயர். பிடுங்கிவிட்டால் திரும்பவும் அவர்களுடையது. இதை நினைத்து நினைத்தே அந்த வருடம் கால் தரையில் படாமல் நடந்தேன்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நடந்தது இது. நமுனுகுல மலைச் சரிவில் எங்கள் தேயிலைத் தோட்டம். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியை. வயது இருபத்திரண்டு, தலைக்கனம் வயதைவிடக் கொஞ்சம் கூட. சனிக்கிழமை தோறும் பஸ் ஏறிப் பதுளைக்குப் போய் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தேன். படிப்பு முடிந்தது, சான்றிதழைக் கையில் கொடுத்து வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் பொத்தான் உள்ள சாமான் என்று பார்த்தால் ஒரு ரேடியோதான் இருந்தது. நீச்சல் படித்துவிட்டுத் தண்ணீரில்லாத ஊருக்குத் திரும்பியவள் மாதிரி ஒரு மாதம் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

எரிந்து விழ அந்த வருடம் எனக்கு உரிமையே இல்லை. எங்கள் வீட்டின் பெரிய செய்தி அம்மாதான். அம்மா கங்காணியாகியிருந்தாள். கொழுந்து பறிக்கிற கூட்டத்துக்குப் பொறுப்பாக நிற்பவர் கங்காணி. பறிக்கிறவர்கள் அத்தனை பேரும் பெண்கள், கங்காணி மட்டும் எப்போதும் ஆண். தோட்டத்து மனேஜராகப் புதிதாக வந்த பெரிய துரை, "ஒரு பொம்பளய போட்டுப் பாப்போமே" என்று அம்மாவைப் போட்டார். ஆறு மாதம் பார்ப்பார், சரிவந்தால் நிரந்தரம், இல்லையென்றால் திரும்பவும் கூடையும் கொழுந்தும்தான். எங்கள் தோட்டத்தில் ஒவ்வொரு தேயிலை மலைக்கும் ஒரு நம்பர் உண்டு. அம்மாவின் பொறுப்பில் இருபத்தொன்றாம் நம்பர் மலை.

கங்காணிகளுக்கெல்லாம் மேலே கணக்கப்பிள்ளை. அவருக்கு இந்த ஏற்பாடு துளிகூடப் பிடிக்கவில்லை. வாயைத் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார். அம்மா எதைக் கேட்டாலும் "பாப்போம்" என்பார். அந்தப் பாப்போமைக் கேட்டுக் கேட்டு அம்மாவுக்கு ஐந்து மாதம் ஓடியிருந்தது. இன்னும் ஒரு மாதம்தான். அவள் தூக்கத்தில்கூட ஆட்களின் பெயர் கூப்பிட்டாள்.

நான் என் கதைக்கு வருகிறேன். பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் முஸ்லிம் அண்ணன் ஒருவர் இருந்தார், எல்லோருக்கும் அவர் நானா. படிக்கிற காலத்திலேயே அவருடைய கடையில்தான் போய் நிற்பேன். ஒன்றும் வாங்கமாட்டேன், எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பேன். என் புலம்பலைப் பொறுக்கமாட்டாமல் ஒருநாள் அவர், லினக்ஸ் என்று ஒரு சிஸ்டம் இருக்கிறது, வெளிநாட்டில் கேட்டால் சீடியாகத் தபாலில் இலவசமாக அனுப்புகிறார்கள் என்றார். அவருடைய கடையிலிருந்தே கேட்டு எழுதினேன். விலாசம், தோட்டத்து ஆபீஸ்.

தோட்டத்துக்கு வரும் கடிதம் எல்லாம் ஆபீசுக்கு வந்துதான் லயத்துக்கு வரும். வருகிற வழியில் அதைப் பார்க்காத கண் கிடையாது. வெளிநாட்டு முத்திரை குத்திய தடித்த உறை என் பெயருக்கு வந்த செய்தி, உறை வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே லயத்துக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளை படம் என்று ஒரு கட்சி, விசா என்று ஒரு கட்சி. பக்கத்து அறையான காம்பராவில் இருப்பவள், போகும்போது தன் மகளையும் கூட்டிப் போகச் சொல்லி அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போனாள். உறையைப் பிரித்து, பளபளவென்று ஒரு தட்டை எடுத்தேன். அம்மா அதைத் திருப்பிப் பார்த்தாள்.

"மூஞ்சி பாக்குற கண்ணாடியா?"

"இல்லம்மா. இதுக்குள்ள ஒரு முழுக் கம்ப்யூட்டரே இருக்கு."

"அப்ப மாப்புள்ள இல்ல," என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். குரலில் வருத்தமா நிம்மதியா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்தச் சீடியின் அதிசயத்தைச் சொல்லவேண்டும். எந்தக் கம்ப்யூட்டரிலும் போட்டுத் திறக்கலாம், உள்ளே இருப்பதைத் தொடாமல் தன் பாட்டில் ஓடும். பள்ளிக்கூடத்தில் யாரோ நன்கொடையாகக் கொடுத்த ஒற்றைக் கம்ப்யூட்டர் பூப்போட்ட துணிக்குள் சாமி மாதிரி இருந்தது. அதில் போட்டேன். ஓடியது. நாட்டியமே ஆடிவிட்டேன். ஆனால் அதற்கு ஒரு வியாதி, சுத்த மறதி. தமிழ் எழுத்தை ஏற்றி, ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் அடித்து, நிறம் மாற்றி வைத்துவிட்டு நிறுத்துவேன். அடுத்த நாள் திறந்தால் என்னை யாரென்றே தெரியாது. தினமும் முதலிலிருந்து பெயர் சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். தலையெழுத்தே என்று இரண்டு மாதம் அப்படியே ஓட்டினேன்.

பிறகு நானாவின் கடையில், செத்துப்போன மடிக் கணினி ஒன்றின் வயிற்றிலிருந்து எடுத்த சின்ன ஹார்ட் டிஸ்க் ஒன்று கிடைத்தது. அதற்கு ஒரு கறுப்புக் கூடு, ஒரு வயர். அதற்குள் சிஸ்டத்தை நிரந்தரமாக இறக்கிவிட்டால் எல்லாம் ஞாபகத்தில் நிற்கும், எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம் என்று நானா சொன்னார். பழைய துவாய்த் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பசறையில் ஏறிய ஒருவர் பிள்ளையா என்று எட்டிப் பார்த்தார்.

இறக்குவதற்கு நல்ல கம்ப்யூட்டர் ஒன்று வேண்டும். பள்ளிக்கூடத்துச் சாமிக்கு அவ்வளவு தெம்பு இல்லை. தோட்டத்து ஆபீசில் ஒன்று இருந்தது. அதன் பூசாரி பெரிய கிளாக்கர் ஐயா, யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடமாக எங்கள் மலையில் இருந்துகொண்டு முப்பது வருடமாகக் குளிர் என்று குறைசொல்பவர். கோயில் திருவிழா நோட்டீசை அவருக்கு நான் தமிழில் அடித்துக் கொடுத்திருந்ததால் என் மேல் ஒரு பட்சம். சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் மூடிய பிறகு ஒரு மணி நேரம் தந்தார்.

"கொம்பியூட்டரைக் கவனமாப் பாவியும், பிள்ளை. உள்ளுக்குள்ள இருக்கிற ஒண்டிலயும் கை வைக்கப்படாது."

"கை வைக்க மாட்டேங்க ஐயா. இது தனியா, வெளியிலேயே ஓடும்."

சத்தியமாக அப்படித்தான் நம்பிச் சொன்னேன்.

கம்ப்யூட்டருக்கும் காலையில் ஒரு பெரட்டு உண்டு. தோட்டத்தில் விடிந்ததும் எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்களே, அதேதான். சுவிட்சைப் போட்டதும் அது கூப்பிடும்: சீடி இருக்கிறதா, உள்ளே இருக்கிற டிஸ்க் இருக்கிறதா, வெளியிலிருந்து வந்தது ஏதாவது இருக்கிறதா. முதலில் யார் "இருக்கேன்" என்கிறாரோ அன்றைய வேலை அவருக்கு. என் சீடியை முதல் ஆளாக நிறுத்தினேன். கறுப்புப் பெட்டிக்குள் சிஸ்டம் இறங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு படியிலும் அது ஏதோ கேட்டது, நான் ஒவ்வொரு படியிலும் "அடுத்து, அடுத்து" என்று அமுக்கினேன். கடைசியில் ஒரு நீளமான கேள்வி, பொடி எழுத்தில். சந்தோஷத்தில் இருப்பவர்கள் பொடி எழுத்துப் படிப்பதில்லை. அதற்கும் "அடுத்து."

நிறுத்தித் திறந்தேன். என் பெயர் வந்தது. தமிழில் வந்தது. திரும்ப நிறுத்தித் திறந்தேன், என் பெயர் ஞாபகமாக இருந்தது. மூன்றாம் முறையும். ஆபீசில் யாரும் இல்லாததால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரண்டு சுற்றுச் சுற்றினேன். பிறகு வயரைப் பிடுங்கி, துவாயில் சுற்றி, வெளியே இருந்த காவல்காரரிடம் கதவைப் பூட்டச் சொல்லிவிட்டு ஓடினேன். வயரைப் பிடுங்கிய பிறகு ஆபீஸ் கம்ப்யூட்டரை ஒரு தடவை திறந்து பார்த்திருக்கலாம். அது அப்போது என் மூளைக்கு எட்டவில்லை.

மறுநாள் ஞாயிறு. நானாவிடம் காட்டிப் பீற்றிக்கொள்ளாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மத்தியான பஸ்ஸில் பதுளைக்குப் போனேன். கடையில் நாலு பேர் முன்னிலையில் பெட்டியைச் செருகி, "இப்ப பாருங்க நானா, ஒங்க மெஷின் என் மெஷினா மாறப்போவுது" என்றேன்.

மாறவில்லை. கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு கண்ணடித்துக்கொண்டே இருந்தது. பெரட்டில் பெட்டியின் பெயரை முதலில் வைத்தோம். கூப்பிட்டார்கள், அது பதில் சொல்லவில்லை. வேறு வயர் போட்டோம். வேறு கம்ப்யூட்டரில் போட்டோம். நாலு பேரில் மூன்று பேர் போய்விட்டார்கள். நானா வேறு வழியாக உள்ளே புகுந்து அரை மணி நேரம் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

"தங்கச்சி, வீடு நல்லாத்தான் ஈக்கிது. வாசல் இல்ல. எந்த மெஷின்ல வெச்சுச் செஞ்சீங்க?"

"தோட்டத்து ஆப்பீசு மெஷின்லங்க."

"அப்ப வாசல் அங்கதான் ஈக்கிது."

பொடி எழுத்தில் அது கேட்ட கேள்வி இதுதானாம்: வாசலை எந்த டிஸ்க்கில் வைக்கட்டும்? நான் அடுத்து என்றதும், அது ஆபீஸ் கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்க்கில் ஏற்கெனவே இருந்த வாசலை எடுத்துவிட்டு என் வாசலைப் பொருத்திவிட்டது. இனி என் பெட்டி அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடும். கெட்டிக்காரி நான் அப்போதும் அதுவரைக்கும்தான் யோசித்தேன். மற்றப் பாதியை நானா சொன்னார்.

"அந்த மெஷினும் ஒங்க பொட்டி இல்லாம இனித் தொறக்காது தங்கச்சி. ரெண்டுக்கும் கலியாணம் பண்ணி வெச்சிட்டு வந்தீக்கிறீங்க."

எப்படிச் சரிசெய்வது என்று நானாவிடம் கேட்டேன். சரிசெய்ய அந்த ஆபீஸ் சிஸ்டத்தின் மூலச் சீடி வேண்டும், அது பண்டாரவளையில் அவருடைய தம்பி கடையில் இருக்கிறது, வியாழக்கிழமைக்குள் எடுத்துத் தருகிறேன் என்றார். பேசி முடிக்கும்போது எங்கள் பக்கத்துக் கடைசி பஸ் போய்விட்டது. பதுளையில் சித்தி வீட்டில் தங்கி, திங்கட்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். பஸ்ஸும் அன்றைக்கென்று பசறையில் நின்று ஆற அமர ஒரு டயர் மாற்றியது.

பத்து மணிக்கு ஆபீஸ் மேட்டில் ஏறும்போதே கூட்டம் தெரிந்தது. வராந்தாவில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். வேலை நேரத்தில் அம்மா மலையை விட்டு இறங்கவே மாட்டாள். முழங்கால்வரை சேறோடு கணக்கப்பிள்ளை. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பெரிய கிளாக்கர் ஐயா என்னைக் கண்டதும் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"நீர் வந்தது நல்லதாப் போச்சு, பிள்ளை. கொம்பியூட்டர் உம்மட அம்மாவின்ர மலையைப் பிடிச்சுப்போட்டுது."

திரையைப் பார்த்தேன். கறுப்பில் வெள்ளையாக ஆங்கிலத்தில் ‘எரர்’ என்று இருந்தது. பக்கத்தில் 21.

இங்கே கொஞ்சம் விளக்கவேண்டும், ஏனென்றால் வேறெந்த ஊரிலும் இந்தத் தப்பு நடந்திருக்காது. கொழும்பிலிருந்து அந்த ஆபீசுக்குப் போட்டுக் கொடுத்திருந்த புரோகிராமில், ஒரு மலையின் விவரம் ஒத்துவராவிட்டால் அது எரர் என்று காட்டி அந்த மலையின் நம்பரையும் போடும். எரர் 8 என்றால் எட்டாம் நம்பர் மலைக் கங்காணியைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அது பழக்கம். இன்று காலை சுவிட்சைப் போட்டதும், புரோகிராம் வருவதற்கு முன்னாலேயே, வேறொன்றும் சொல்லாமல், எரர் 21. கிளாக்கர் ஐயா நாலு முறை நிறுத்தித் திறந்தார். நாலு முறையும் இருபத்தொன்று. பிழை சாதாரணப் பிழை இல்லை, கம்ப்யூட்டரே மேற்கொண்டு நகர மறுக்கிற அளவுக்குப் பெரிய பிழை என்று ஆபீஸ் முடிவுசெய்தது.

உண்மையில் அந்த இருபத்தொன்று என் வாசல் போட்ட சத்தம். "நான் தேடுகிற டிஸ்க் இங்கே இல்லை" என்பதற்கு அது வைத்திருக்கும் நம்பர் இருபத்தொன்று. வேறு நம்பர் வரக்கூடாதா. உலகத்தில் எத்தனை நம்பர் இருக்கிறது.

காலையிலேயே அம்மா ஆள் கணக்கு எழுதும் பெயர்ப் புத்தகத்தை வாங்கி வரிக்கு வரி பார்த்திருக்கிறார்கள். பிழை இல்லை. புத்தகத்தில் இல்லாவிட்டால் மலையில் இருக்கும் என்று கணக்கப்பிள்ளை மலைக்கே ஏறிவிட்டார். தேடுகிற மனிதருக்கு எந்த மலையில்தான் ஒன்று கிடைக்காது. மேல்பக்கத்துக் கான், மழைத்தண்ணீர் வடிகிற வாய்க்கால், அடைத்து, தண்ணீர் செடி வரிசை நடுவே பாய்ந்து, பத்துப் பதினைந்து செடிகளின் வேர் வெளியே தெரிந்ததாம். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று கையைத் தட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறார்.

"பொம்பளைக்கு இது சரிவராதுன்னு நான் அன்னைக்கே நெனைச்சேன்," என்றார் இப்போது. "தொரை வரட்டும்."

அம்மா கக்கத்தில் பெயர்ப் புத்தகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள். தலையில் கட்டியிருந்த துணியைக்கூட அவிழ்க்கவில்லை. அவளுடைய ஐந்து மாதம் அந்த இரண்டு இலக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, தொங்கவிட்டவள் அவள் பெற்ற மகள்.

என் பையில் பெட்டி இருந்தது. ஒரு யோசனை வந்தது, மறைக்காமல் சொல்கிறேன். பேசாமல் மேசைக்கு அடியில் போய் அதைச் செருகிவிட்டால் போதும். எரர் மறைந்துவிடும், கம்ப்யூட்டர் திறந்துவிடும், என் பெயர் எதிலும் வராது. "சரிபண்ணிட்டேங்க ஐயா" என்று சொல்லிப் பாராட்டுக்கூட வாங்கலாம். ஆனால் இருபத்தொன்றாம் நம்பரில் பிழை இருந்தது, பிறகு திருத்தப்பட்டது என்று ஆகிவிடும். பிழை அம்மாவின் பெயரில் அப்படியே நிற்கும். எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. துரையின் ஜீப் சத்தம் கேட்டது.

பெரிய துரை சிங்களவர். எங்களோடு தமிழில்தான் பேசுவார், அவருடைய தமிழில். கணக்கப்பிள்ளை சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுத் திரையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன் நான் முந்திக்கொண்டேன்.

"தொரைங்களே, அது மலை நம்பர் இல்லீங்க. அது நான் செஞ்ச தப்பு."

"என்னா தப்பு? காட்டு."

துவாயைப் பிரித்தேன். பெட்டியைச் செருகிச் சுவிட்சைப் போட்டேன். எந்தச் சிஸ்டம் வேண்டும் என்று கேட்டு ஒரு பட்டியல் வந்தது. இரண்டாவது வரியைத் தொட்டேன், ஆபீஸ் சிஸ்டம் ஒன்றுமே நடக்காதது மாதிரித் திறந்தது. நிறுத்திப் பெட்டியைப் பிடுங்கித் திரும்பப் போட்டேன். எரர் 21. செருகினேன், திறந்தது. பிடுங்கினேன், இருபத்தொன்று. துரைக்கு இது மிகவும் பிடித்துப்போய், தானே ஒரு தடவை செருகிப் பிடுங்கிப் பார்த்தார். பிறகு கணக்கப்பிள்ளையின் கால் சேற்றைப் பார்த்தார். துரையின் உதடு துடித்தது. சிரித்தால் துரைத்தனம் போய்விடும் என்று அடக்கினார், அடங்கவில்லை. வராந்தா முழுக்கச் சிரித்தது. கிளாக்கர் ஐயா மட்டும் சிரிக்கவில்லை.

"ஒண்டிலயும் கை வைக்கமாட்டன் எண்டு சொன்னீர், பிள்ளை."

"ஆமாங்க ஐயா," என்றேன்.

"அப்ப இருபத்தொன்னு நம்பர் மலையில பெழை இல்லை," என்று துரை எழுந்தார். அத்தோடு முடிந்திருக்கும். அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள்.

"இருக்குங்க தொரைங்களே."

நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"பொட்டியில பெழை இல்லைன்னா சரிங்க. மலையில இருக்கு. மேல்கான் அடைச்சு ஒன்றர மாசமாச்சு. வெட்டுறதுக்கு ரெண்டு ஆளு குடுங்கன்னு கேட்டேன். ஒரு தடவ இல்லீங்க, மூனு தடவ. எழுதியும் குடுத்தேன். இன்னொரு மழை பேஞ்சா அந்த வரிசையே போயிரும்."

"யாருகிட்ட கேட்டது?"

அம்மா பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. கணக்கப்பிள்ளை தன் காலில் காய்ந்துகொண்டிருந்த சேற்றை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"பாப்போம்னு சொன்னாங்க," என்றாள் அம்மா.

துரை இப்போது சிரிக்கவில்லை. அன்று மத்தியானமே இரண்டு பேர் மண்வெட்டியோடு மேல்கானுக்குப் போனார்கள். ஆறு மாதம் முடிந்த அன்று அம்மாவைக் கங்காணியாக நிரந்தரமாக்கினார்கள். சாயந்தரம் வீட்டுக்கு வந்து அவள் முதலில் செய்த வேலை, காலை நீட்டி உட்கார்ந்து இரண்டு கோப்பை தேத்தண்ணி குடித்ததுதான்.

எனக்குக் கிடைத்தது வேறு. சீடி வரும்வரை என் பெட்டி ஆபீசில் சிறை. அது இல்லாமல் கம்ப்யூட்டர் திறக்காதே. தினமும் காலையில் பட்டியல் வந்ததும் பத்து விநாடிக்குள் இரண்டாவது வரியைத் தொடவேண்டும் என்று கிளாக்கர் ஐயாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். புதன்கிழமை அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடுவதற்குள் பதினோரு விநாடி ஆகிவிட்டது. ஆபீஸ் கம்ப்யூட்டர் முழுத்திரையில் வணக்கம் சொல்லி என் பெயரைப் போட்டு, நான் படமாக வைத்திருந்த எங்கள் ஆட்டுக்குட்டியையும் காட்டியிருக்கிறது. ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். அவருடைய ஆட்சேபம் ஆட்டைப் பற்றித்தான்.

வியாழக்கிழமை நானாவின் சீடியோடு, ஐயா தோளுக்குப் பின்னால் நிற்க, ஒரே ஒரு வரி அடித்துப் பழைய வாசலைத் திரும்பப் பொருத்தினேன். கம்ப்யூட்டர் தனியாகத் திறந்தது. பெட்டியை என் கையில் கொடுத்து, இந்தச் சாமான் இனி ஆபீஸ் வாசற்படி தாண்டக் கூடாது என்றார். பதுளைக்குப் போய் நானாவோடு உட்கார்ந்து, பொடி எழுத்தெல்லாம் சத்தமாக வாசித்து, என் பெட்டிக்கு அதன் சொந்த வாசலை வைத்தேன். அதன் பிறகு அதைப் பிடிக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்துச் சாமியில் ஓடியது, நானாவின் மூன்று கம்ப்யூட்டரிலும் ஓடியது, மொனராகலையில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் மாப்பிள்ளை வீட்டுக் கம்ப்யூட்டரிலும் ஓடியது. தாலி கட்டுகிற நேரத்தில் நான் அங்கே இல்லை என்று சித்தி இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

ஒருநாள் அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"அந்த இருபத்தொன்னு வந்திச்சே, வேற நம்பரும் வருமா?"

"வரும்மா. ஒவ்வொரு தப்புக்கும் ஒரு நம்பர் இருக்கு."

"ஏழு வருமா?"

"ஏன்?"

"ஏழாம் நம்பர் லயத்துல தண்ணி புடிக்கிற பீலி ஒடைஞ்சு மூனு மாசம். புள்ளைங்க தண்ணிக்கு ஆத்துக்கு எறங்குதுங்க. எத்தன பேரு போய்ச் சொல்லியாச்சு. பொட்டி சொன்னாத்தான் மலைக்கே ஏறுறாங்க."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. காரியமாகத்தான் கேட்டிருக்கிறாள் என்று விளங்கியதும் எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த ஞாயிறு பதுளைக்குப் போய், நானாவின் கடையில் என் பெட்டியைச் செருகி, அம்மா சொல்லச் சொல்லக் குறித்து வந்ததை அவள் வார்த்தையிலேயே அடித்தேன். மேலே கொட்டை எழுத்தில் ‘எரர் 7’ என்று போட்டு அச்செடுத்தேன்.

திங்கட்கிழமை, பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு, தாளை மட்டும் எடுத்துக்கொண்டு ஆபீஸ் படி ஏறினேன். கிளாக்கர் ஐயா இரண்டு முறை வாசித்தார். கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"இது மெஷின் சொன்னதோ, நீர் சொன்னதோ?"

"அம்மா சொன்னதுங்க ஐயா."

அவர் மேசையில் கடிதங்கள் போடும் தட்டு ஒன்று இருந்தது, லயத்து ஆட்கள் எழுதிக் கொடுக்கும் கடிதங்கள் எல்லாம் அதற்குள்தான் போய்க் கிடக்கும். தாளை அதன் மேலே கொண்டுபோன கை அங்கேயே நின்றது. பிறகு எழுந்து, குளிருக்குப் போட்டிருந்த கோட்டை இழுத்துவிட்டு, தாளைக் கையோடு எடுத்துக்கொண்டு துரையின் அறைக்குள் போனார்.